நத்தையை எண்ணுவதும் நோயை அளப்பதும்: ஆலத்தூர் நாட்டு வயல்களை முன்வைத்து

மூச்சிழுக்கும்போது எழும் சத்தத்தால், மாட்டுக்கு வரும் ஒரு மூக்கடைப்பு நோய்க்குக் குறட்டை நோய் என்று பெயர். நாசிச் சவ்வின் சிரைகளில் வாழும் ஷிஸ்டோசோமா நாசேல் என்னும் புழு அதற்குக் காரணம். சென்னை மாகாணத்து மாடுகளில் கண்ட இப்புழுவை எம்.ஏ.என். ராவ் 1933இல் விவரித்தார். மாடு நீர் குடிக்கக் குனிகையில் சளியோடு முட்டை தண்ணீரில் விழுகிறது. அதிலிருந்து வரும் இளவுயிரி, இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ் என்னும் தட்டைச் சுருள் நத்தைக்குள் புகுந்து பல்கிப் பெருகுகிறது. பின் பிளவுண்ட வாலுடைய சர்க்கேரியாக்களாக வெளியேறி, நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைக்கிறது. கறிக்கு எடுக்கும் பெரிய நத்தைக்கு இதில் பங்கில்லை.

இந்நோயை மாட்டின் மூக்கைப் பார்த்து மட்டும் அளந்துவிட முடியாது என்பதே என் வாதம். எருமைகள் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே புழுவைச் சுமக்கின்றன. குறட்டையைக் கணக்கெடுத்தால் அவை கணக்கில் வராது. நத்தையில் முதிர்ந்த தொற்று அப்படி ஒளிவதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் இட்டு வெளிச்சத்தில் சில மணி நேரம் வைத்தால், முதிர்ந்த தொற்றுள்ளது சர்க்கேரியாவை உமிழும். நுண்ணோக்கியில் வாலின் பிளவு தெரியும்.

ஆனால் தலையெண்ணிக்கை ஏமாற்றும். ஒரு வயலில் 500 நத்தைகளும் அவற்றில் தொற்றுள்ளது ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். மாடு இறங்கும் குட்டையில் 40தான், தொற்றுள்ளவை 8. ஆபத்து குட்டையில்தான். மாடு போகாத இடத்து நத்தைக் கூட்டம் வெறும் நத்தைக் கூட்டமே.

கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. இம்மலையில் ஊற்றும் ஓடையும் பாயும் பள்ளங்களில் நெல் வயல்கள் படிப்படியாக இறங்குகின்றன. மேல்வயல் நீர் கீழ்வயலுக்கு வடிகிறது. அதனோடு சர்க்கேரியாவும் வரலாம். ஆகவே ஒவ்வொரு வயலையும் தனித் தீவாகக் கொள்ளாமல், நீர் போகும் வழியைப் பின்தொடர்ந்து மாதிரி எடுக்க வேண்டும். சுமார் 1000 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைமேல் நீர் குளிர்ந்திருக்கும். குளிர்ச்சி கூடினால் நத்தைக்குள் புழு வளர்வது தாமதமாகும். சமவெளியில் வகுத்த மாதக் கணக்கு இங்கே செல்லாது. ஒரே ஆள், ஒரே துறை, ஒரே நேர அளவு என்று ஓராண்டாவது தொடர்ந்து தேடினால்தான் ஏற்ற இறக்கம் புலப்படும்.

நத்தைக்கொல்லி மருந்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. இந்நத்தை இருபாலுயிரி, தப்பிய ஒன்றே தன்னைத்தானே கருவுறச் செய்து மீண்டும் கூட்டமாகிவிடும். மருந்து மீனையும் கொல்லும். மாட்டுக்கு வயலுக்கு வெளியே தொட்டியில் தண்ணீர் காட்டுவது எளிது, மலிவும்கூட.

இதே நத்தையில் வளரும் ஷிஸ்டோசோமா ஸ்பிண்டேல் மனிதத் தோலிலும் நுழையப் பார்த்து, அங்கேயே மடிந்து, கடும் அரிப்பை உண்டாக்குகிறது. சேற்றுப்புண் வேறு, இது வேறு. மாதிரிக்கான இடங்களை வரைபடத்தில் குறிக்கும் முன், நடவு நடும் பெண்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எந்த வயலில் இறங்கினால் கால் அரிக்கிறது?