சுவருக்கு ஏது வில்லங்கச் சான்று?

வீடு வாங்கப் புறப்படும் நம்மவர் முதலில் தேடிச் செல்வது சார்பதிவாளர் அலுவலகத்தை. மூலப்பத்திரம், பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று எனத் தாளில் உள்ள குற்றங்களைத் துருவுவதில் காட்டும் அக்கறையைச் சுவரில் உள்ள குற்றங்களைத் தேடுவதில் நாம் காட்டுவதில்லை. ஒரு மாலைப் பொழுதில் சுற்றிப் பார்த்து, வாசல் எந்தத் திசை என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறோம். வீட்டின் குறையை வாங்குபவன் கண்டுபிடிக்க வேண்டுமா, விற்பவன் சொல்ல வேண்டுமா? இது மிகப் பழைய வழக்கு.

கி.மு. 1750-ஐ ஒட்டிய பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டம் கட்டியவனையே பொறுப்பாக்கியது. வீடு இடிந்து உரிமையாளன் இறந்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை. பொருள் சேதமானால் ஈடு தருவதோடு, தன் செலவில் வீட்டையும் மீண்டும் எழுப்ப வேண்டும். இந்திய மரபிலோ சோதனை, வீடு எழும்புவதற்கு முன்பே மண்ணில் தொடங்குகிறது. ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப நிரப்பினால் மிஞ்சுவது நல்ல மனை, குறைவது ஆகாத மனை என்கிறது ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை. சகுனத்தின் மொழியில் சொல்லப்பட்டாலும், மண்ணின் இறுக்கத்தை அளக்கும் எளிய முறையாகவே அது தோன்றுகிறது.

விற்பவனின் மௌனம் குற்றமா என்னும் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டவர்கள் ரோமானியர். கி.மு. 44-இல் சிசரோ எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலில், உளுத்த மரத்தால் கட்டப்பட்டு விழும் நிலையில் உள்ள வீடொன்று விலைக்கு வருகிறது. அந்தக் குறை உரிமையாளனுக்கு மட்டுமே தெரியும். அவன் அதைச் சொல்ல வேண்டும் என்கிறார் ஆண்டிபேட்டர். யாரும் வாங்கும்படி வற்புறுத்தவில்லையே என்கிறார் அவருடைய ஆசிரியர் டயோஜினிஸ். சிசரோ ஆண்டிபேட்டரின் பக்கம் நிற்கிறார். சான்றாக ஓர் உண்மை வழக்கையும் தருகிறார். பறவை நிமித்தம் பார்ப்பதற்கு இடையூறாக உயர்ந்து நின்ற பகுதிகளை இடிக்குமாறு, கேலியன் குன்றின் மீதிருந்த சென்டுமாலஸ் என்பவரின் வீட்டுக்கு நிமித்திகர்கள் ஆணையிட்டனர். அவர் அதை மறைத்து வீட்டை விற்றுவிட்டார். வாங்கிய கல்பூர்னியசுக்கும் அதே ஆணை வந்தது. அவர் இடித்தார், பின்னர் வழக்கும் தொடுத்தார். தெரிந்தும் சொல்லாமல் விற்றவரே நட்டத்தை ஏற்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தவர் மார்க்கஸ் காத்தோ. சீசரை எதிர்த்துப் புகழ்பெற்ற காத்தோவின் தந்தை.

ஆங்கிலப் பொதுச் சட்டம், வாங்குபவனே விழித்திருக்க வேண்டும் என்ற கொள்கையை வீட்டு விற்பனையில் நெடுங்காலம் பற்றி நின்றது. 1882-ஆம் ஆண்டின் இந்தியச் சொத்து மாற்றுச் சட்டம் இடைவழி ஒன்றைக் கண்டது. அதன் 55-ஆம் பிரிவின்படி, விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும், மறைப்பது மோசடி. ஆனால் அக்குறை, சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவர் கண்டறிய முடியாததாக இருக்க வேண்டும். கண்முன்னே இருந்ததைக் காணாமல் விட்டவருக்கு இந்தப் பிரிவு துணை வராது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டாலும் இந்தக் கடமை மாறிவிடக்கூடும்.

ஆகவே, பார்ப்பது நம் உரிமையைக் காத்துக்கொள்ளும் செயலும்கூட. பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் அச்சம் தருவதன்று. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, ஒரு முனையில் அகன்று போகும் விரிசல் அடித்தளம் ஒரு பக்கம் அமிழ்வதைக் குறிக்கலாம். சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தால் ஈரம் ஏறுகிறது. கூரையடியில் கான்கிரீட் பெயர்ந்திருந்தால், துருவேறிப் பருத்த கம்பி அதை உள்ளிருந்து தள்ளுகிறது. பழைய மதராஸ் டெரஸ் வீடுகளில், சுவருக்குள் புதைந்திருக்கும் மரக்கட்டைகளின் முனையில்தான் கறையானும் ஈரமும் முதலில் வேலை செய்யும். தட்டிப் பார்த்தால் ஓசை சொல்லிவிடும். வீடு முழுவதும் பழசாக இருக்க, ஒரு சுவர் மட்டும் புதுச் சாயம் பூண்டிருந்தால் அங்கே கூடுதலாக நிற்க வேண்டும்.

கண்ணுக்கு எட்டாதவையும் உண்டு. 2014 ஜூன் 28 அன்று, சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். அருகில் நின்ற இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நிற்கும் அந்த இணைக் கட்டடத்தைச் சுற்றி வந்து, அதன் வலிமையைத் தம் கண்ணால் அளந்திருக்கக்கூடிய சாதாரண மனிதர் யார்? 2016-இல் இயற்றப்பட்ட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறையை 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்யும் பொறுப்பைக் கட்டுநர்மேல் சுமத்துகிறது. ஹம்முராபியின் எண்ணம், தண்டனையின் கொடுமை நீங்கித் திரும்பி வந்திருக்கிறது எனலாம்.

ஆயினும் ஒருவரிடமிருந்து மற்றொருவர் வாங்கும் பழைய வீட்டுக்கு இந்த ஏற்பாடு உதவாது. அங்கே இன்றும் நின்று பேசுவது 1882-ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதன்படி விற்பவருக்குக் குறை தெரிந்திருந்தது என்று காட்டியாக வேண்டும். எனவே, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். கசிவு உண்டா, விரிசல் அடைக்கப்பட்டதா, மாடி பின்னால் எழுப்பப்பட்டதா என்பவற்றை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே விடை பெறுங்கள். கல்பூர்னியஸ் வென்றது, சென்டுமாலசுக்கு ஆணை தெரிந்திருந்தது என்பதால்தான்.