மருத்துவபீட வாயிலும் நேர்முகப் பரீட்சையும்: கொடகவெலவிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவம் பயில விழையும் ஒருவரை அவர் எழுதிய விடைத்தாளைக் கொண்டு மாத்திரம் தெரிவு செய்வதா, அன்றி நேரில் அழைத்து முன்னிருத்தி வினாவித் தெரிவு செய்வதா என்பது நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கு. நோயாளியின் கட்டிலருகே நிற்கப் போகின்றவருக்குப் பொறுமையும் இரக்கமும் பேச்சுப் பண்பும் வேண்டும், அவற்றை விடைத்தாள் காட்டாது என்பர் ஒரு சாரார். அரைமணி நேரமும் நீடிக்காத சந்திப்பிலே இரக்கத்தை அளந்தறியும் கோல் எவரிடமும் இல்லை, உடையும் உச்சரிப்புமே அங்கு அளக்கப்படுகின்றன என்பர் மறுசாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இவ்வழக்கின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போமாயின், 'நீ எவ்விடத்தவன், யாருடைய பிள்ளை?' என்னும் வினா தெரிவு முறைகள் அனைத்தினுள்ளும் ஏதேனுமொரு வடிவில் ஒளிந்து நிற்பதைக் காணலாம். சிலவேளை அது மேசைக்கு எதிரேயிருந்து கேட்கப்பட்டது. சிலவேளை விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டத்துள் அடங்கிவிட்டது.

இதனைக் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நோக்குவதற்கும் கொடகவெலவிலிருந்து நோக்குவதற்கும் வேறுபாடு உண்டு. கொடகவெல, இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் பாதையில் இறக்குவானைக்கு அணித்தாக அமைந்த சிற்றூர். சுற்றுப்புறத்திலே இறப்பரும் தேயிலையும். நுவரெலியாவிற்போல இங்கு தோட்டத் தமிழ் மக்கள் செறிந்து வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு தோட்டங்களில், லயன் வரிசைகளில் சிதறி வாழ்கின்றனர். சப்பிரகமுவ மலையகத்தின் விளிம்பென்பர். மலையகத்தைப் பற்றி எழுதுவோரும் பெரும்பாலும் ஹட்டனுடன் நின்றுவிடுகின்றனர் என்பது இடையே சொல்லவேண்டிய ஒரு குறை.

இலங்கையில் மேனாட்டு மருத்துவக் கல்வியின் தொடக்கத்தில் தெரிவு என்பது ஆசிரியரின் கண்ணோட்டத்தையே பொறுத்திருந்தது. மானிப்பாயில் அமெரிக்க மிசனைச் சார்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848ஆம் ஆண்டளவில் மாணவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் போதிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் கற்பித்த அவர், தம் மாணவருக்கென மருத்துவ நூல்களைத் தமிழாக்கியமை நாம் நன்கறிந்த செய்தி. கொழும்பில் 1870இல் அரசினர் நிறுவிய மருத்துவப் பள்ளி 25 மாணவருடன் தொடங்கிற்று. அங்கு ஆங்கிலமே வழங்கிற்று. ஆங்கிலம் கற்பித்த பள்ளிகள் எங்கிருந்தனவோ அங்கிருந்தே மாணவரும் வந்தனர். அப்பள்ளிகள் கட்டணம் கேட்டன, பட்டினங்களில் இருந்தன. தெரிவின் முதற்படி இவ்வாறு வாயிலுக்கு வெகு தொலைவிலேயே முடிந்துபோயிற்று.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு மருத்துவக் கல்லூரி அதன் பீடமாகியபின், பல்கலைக்கழகம் தானே புகுமுகப் பரீட்சை நடாத்திற்று. எழுத்துப் பரீட்சையில் தேறியோர் செய்முறைப் பரீட்சைக்கும் வாய்மொழிப் பரீட்சைக்கும் கொழும்புக்கு அழைக்கப்பட்ட காலம் அது. அக்காலத்து மாணவருக்கு நேர்முகம் என்பது மண்டபத்தினுள் நுழையுமுன்னரே தொடங்கிவிட்டது எனல் வேண்டும். கடிதம் வருதல் ஒன்று, பயணம் ஒன்று, தங்குமிடம் ஒன்று, கழுத்துப்பட்டி ஒன்று. கொழும்பு மாணவர் வீட்டிலிருந்து புறப்பட்டு வருவார். சப்பிரகமுவவின் தென்கோடியிலிருந்து வருபவரோ ஓப்பநாயக்கா வரை ஓடிய களனிப் பள்ளத்தாக்கு ஒடுங்கிய புகையிரதப் பாதையையோ நெடுநேர வண்டிப் பயணத்தையோ நம்பவேண்டியிருந்தது. பின்பு பேராசிரியர் சிலர் முன்னிலையில், தாம் வீட்டிற் பேசாத மொழியில், தாம் அதுவரை கண்டிராத கருவிகளைப் பற்றியும் மறுமொழி கூறவேண்டும். ஆய்வுகூடம் நிறைந்த கல்லூரியிற் பயின்றவர்க்கு அது உரையாடல். ஏனையோர்க்கு அது விசாரணை.

கொடகவெலத் தோட்டத்துப் பிள்ளைக்கு இப்பயணம் கற்பனையாகவே இருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச்சட்டம் 6 வயது முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்திற்று. அக்கடமை பலவிடங்களிலும் ஒரு கொட்டகையும் ஓராசிரியரும் என்ற அளவோடு நின்றது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது அதன் பயன் தோட்டப் பள்ளிகளை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 525,000, 300,000, 150,000 என எண்ணிக்கைகளாகப் பிரித்தது. 1970களின் பிற்பகுதியிலேதான் தோட்டப் பள்ளிகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஐந்தாம் வகுப்புடன் முடிவடையும் பள்ளியிலிருந்து மருத்துவபீட நேர்முகத்துக்கு வழி ஏது?

நேர்முகப் பரீட்சையின் இயல்பை உள்ளவாறு அறியவேண்டின் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குச் செல்லல் நன்று. அங்கு விண்ணப்பதாரர் பலர் நீதிமன்றம் சென்றமையால், மூடிய அறைக்குள் நடந்தவை வெளிச்சத்துக்கு வந்தன. முதலில் 1951இல் சண்பகம் துரைராசன் வழக்கு. சென்னை மாகாணத்தில் அந்நாள் வகுப்புவாரி ஆணைப்படி ஒவ்வொரு 14 இடங்களும் பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனர் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் 1, முசிலிம்கள் 1 எனப் பங்கிடப்பட்டன. இவ்வாணையை உச்ச நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்தது. அதன் விளைவாகவே அவ்வாண்டு இந்திய அரசியலமைப்புத் திருத்தப்பட்டது. இவை யாவரும் அறிந்தவை. அறியப்படாத செய்தி ஒன்று உண்டு. வழக்காடிய பெண்மணி மருத்துவக் கல்லூரிக்கு முறையாக விண்ணப்பமே செய்திருக்கவில்லை. விசாரித்துப் பார்த்தார், தம் சமூகத்துக்கு இடம் கிட்டாதென அறிந்தார், விண்ணப்பியாது நின்றார். வாயிற் கதவைத் தட்டாமலே திரும்பியவர்களின் கதை இவ்வழக்கால் ஏட்டில் ஏறிற்று. தட்டாது திரும்பிய ஏனையோர், அவர் எச்சமூகத்தவராயினும், எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

1964இல் சித்திரலேகா வழக்கில் மைசூர் அரசின் முறை ஆராயப்பட்டது. மருத்துவ, பொறியியற் கல்லூரித் தெரிவில் எழுத்துப் பரீட்சையின் உயர்ந்தபட்சப் புள்ளிகளில் 25 வீதத்துக்குச் சமமானவை நேர்முகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. நீதிமன்றத்தின் பெரும்பான்மையோர் நேர்முகம் ஏற்புடையதே என்றனர். நீதியரசர் முதோல்கர் மாறுபட்டார். தமிழ்நாட்டில் 1970ஆம் ஆண்டுத் தெரிவிலோ எழுத்துக்கு 200, நேர்முகத்துக்கு 75. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடப்புறச் சேவை, உடல்நிலையும் தாங்குந்திறனும், பொதுத்திறமை, மருத்துவத்துக்கான இயல்பூக்கம் என ஐந்து தலைப்புகளில் அப்புள்ளிகள் வழங்கப்படல் வேண்டும் என்பது விதி. பெரியகருப்பன் வழக்கில் வெளியானது யாதெனில், குழுவினர் ஐந்து தலைப்புகளையும் தனித்தனியே மதிப்பிடாமல் மொத்தமாக ஓர் எண்ணை எழுதிவிட்டனர் என்பதே. மாணவர் தமது ஓட்டத்துக்காகப் புள்ளி பெற்றாரா, உடல் நலத்துக்காகப் பெற்றாரா, தேர்வாளருக்கு ஏற்பட்ட நல்லெண்ணத்துக்காகப் பெற்றாரா என்பது எவருக்கும் தெரியாது. இது விதிக்கு முரணென நீதிமன்றம் கண்டது. கல்லூரிகளைப் பிரிவுகளாக்கிப் பிரிவுக்கொரு குழுவென நியமித்ததையும் கண்டித்தது. ஒரு பிரிவிற் குறைந்த புள்ளியினர் நுழைய, மற்றொன்றில் கூடிய புள்ளியினர் வெளியே நின்றனர்.

விளையாட்டுக்கும் மாணவர் படைக்கும் புள்ளி என்பதைச் சற்று நின்று நோக்குதல் தகும். மைதானம் உள்ள பள்ளியில் விளையாட்டு உண்டு; மாணவர் படை இருந்த பள்ளியில் மாணவர் படை உண்டு. ஆளுமையை அளப்பதாகக் கூறிய குழு உண்மையில் பள்ளியை அளந்தது. தந்தையார் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்ட பிள்ளையின் சேவைக்கு அங்கே தலைப்பு இல்லை.

1980இல் அஜய் ஹாசியா வழக்கு வந்தது. அது சிறீநகர்ப் பொறியியற் கல்லூரியைப் பற்றியதாயினும் நம் பொருளுக்கு உரியதே. 150 புள்ளிகளில் 50 நேர்முகத்துக்கு. ஒவ்வொருவரும் இரண்டு மூன்று நிமிடங்களில் அனுப்பப்பட்டனர் என்றும், பெற்றோர் யார், வாழிடம் எது என்பனவே வினாவப்பட்டன என்றும் விண்ணப்பதாரர் முறையிட்டனர். நேர்முகத்துக்கு 15 வீதத்துக்கு மேற்படப் புள்ளி ஒதுக்குதல் நியாயமன்று என்றும், நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்தல் நன்று என்றும் நீதிமன்றம் கூறிற்று.

இதே காலத்தில் அமெரிக்காவிற் கவனியாது நிகழ்ந்த ஒரு சோதனையும் உண்டு. 1979இல் தெக்சாசு பல்கலைக்கழகத்தின் ஹியூசுட்டன் மருத்துவப் பள்ளி வழமைபோல் நேர்முகம் நடாத்தி 150 பேரைத் தெரிந்தெடுத்தது. பின்னர் மாநிலச் சட்டசபை மேலும் 50 பேரைச் சேர்க்கப் பணித்தமையால், முன்னர் கீழ்நிலையில் வைத்து விடப்பட்டோரிலிருந்து அவர்களை எடுக்க நேர்ந்தது. இருசாராருக்குமிடையே இருந்த வேறுபாட்டிற் பெரும்பகுதி நேர்முகக் குழுவின் அபிப்பிராயமே. பயிற்சிக் காலத்திலும் பின்னரும் ஆராய்ந்தபோது பின்னவர் முன்னவரினும் தாழ்ந்திலர். இவ்வாய்வு 1987இல் வெளியாயிற்று. நேர்முகத்தைக் கைவிட மனமின்றி அதனைச் சீர்செய்ய முனைந்தோரும் உளர். கனடாவின் மக்மாசுட்டர் பல்கலைக்கழகம் 2000களின் தொடக்கத்தில் வகுத்த 'பல சிறு நேர்முகங்கள்' என்னும் முறையில் விண்ணப்பதாரர் கதவின் வெளியே ஒட்டப்பட்ட தாளை இரண்டு நிமிடம் வாசித்து, மணியடித்ததும் உள்ளே சென்று எட்டு நிமிடம் பேசி, அடுத்த கதவுக்கு நகர்கிறார். ஒருவருடைய விருப்பு வெறுப்பு பலரிடையே கரைந்துவிடும் என்பது கருத்து. கனடாவிலும் இங்கிலாந்திலும் வளரும் நம் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் இக்கதவுகளின் முன்னே நின்று பழகிவிட்டனர்.

இலங்கையிலே கதை வேறு திசையிற் சென்றது. புகுமுகப் பரீட்சையின் இடத்தை க.பொ.த. உயர்தரப் பரீட்சை பெற்றது. வாய்மொழிப் பரீட்சை மறைந்தது. முகம் பார்த்துத் தெரியும் முறை ஒழிந்ததால் 'எவ்விடத்தவன்' என்னும் வினாவும் ஒழிந்திருத்தல் வேண்டும். ஒழியவில்லை. 1970–71 அனுமதியில் மருத்துவத்துக்கு 400 புள்ளிகளில் சிங்களமொழி மூல மாணவருக்கு 229ம் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250ம் வேண்டப்பட்டன. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு. யாழ்ப்பாணத்து இளைஞரின் உள்ளத்தில் இது மூட்டிய கனலைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. தமிழ்மொழி மூலம் என்ற ஒரே காரணத்தால் ஆய்வுகூடமற்ற தோட்டப்புற மாணவருக்கும் அதே 250 விதிக்கப்பட்டதைப் பற்றி எழுதப்பட்டது சொற்பம். யாழ்ப்பாணக் கல்லூரிகளின் வலிமையை எண்ணி அமைக்கப்பட்ட தடை, அவ்வலிமையில் அணுவளவும் பெறாதவர்மேலும் விழுந்தது.

மாவட்ட ஒதுக்கீட்டை அவ்வாறே ஒதுக்கித் தள்ளிவிடவும் இயலாது. சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கு மருத்துவ இடங்களைப் பங்கிட்ட சென்னை அரசின் விதியை இந்திய உச்ச நீதிமன்றம் 1968இலேயே இராசேந்திரன் வழக்கில் செல்லாதாக்கிற்று. ஆறாண்டுகளின் பின் அதே அமைப்பு இங்கு வந்தது. ஆயினும் பின்தங்கிய பகுதிகளின் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்ததென்பதும் உண்மை. இன்று 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என இடங்கள் பங்கிடப்படுகின்றன. 2001ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் இசட் புள்ளி வழக்கில் உள்ளது. அப்பதினாறு மாவட்டங்களுள் இரத்தினபுரியும் ஒன்று. ஆகவே கொடகவெல மாணவர் ஏட்டளவிற் சலுகைக்குரியவர். ஆயின் மாவட்டம் என்னும் அலகு தன்னுள்ளே இருக்கும் மேடு பள்ளங்களைக் காண்பதில்லை. இரத்தினபுரி நகரக் கல்லூரியின் மாணவரும் தோட்டத்து மாணவரும் அதன் கண்ணுக்கு ஒருவரே. தமிழில் விஞ்ஞானப் பிரிவைக் கற்க இம்மாவட்டத்தில் வாய்ப்பு அரிது என்பது பெற்றோரின் தீராத முறைப்பாடு. எனவே இயன்றவர் பிள்ளையை ஹட்டனுக்கோ கொழும்புக்கோ அனுப்புவர். இயலாதவரின் பிள்ளை தனக்குக் கிடைத்த கலைப்பிரிவில் அமர்வார்.

அனுப்பப்பட்ட பிள்ளைக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது. எம்மாவட்டத்தவர் என்பது பயின்ற பள்ளி, பெற்றோரின் வதிவிடம் ஆகியவற்றுக்கான சான்றுகளைக் கொண்டு தீர்மானிக்கப்படும். லயன் அறைக்குத் தனி இலக்கமும் வீதிப் பெயரும் எங்கே? உறுதி எங்கே? தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் முகவரியாகின்றன; கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, எவரேனும் கொண்டுவரும் வேளையில் வீடு சேர்கின்றன. நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் முடிவு கண்டதாயினும், பாட்டனாரின் பத்திரம் எது, பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏன் வேறுபடுகிறது என்னும் வினாக்கள் அலுவலக மேசைகளில் நெடுநாள் உயிர்வாழ்ந்தன. தேர்வாளர் இல்லை, புள்ளித்தாள் இல்லை. கையில் கோப்புடன் தாயார் ஒருபுறம், வரிசையிற் பிள்ளை மறுபுறம், எழுதுவினைஞரின் வினாக்கள் நடுவே.

2010களின் பிற்பகுதியில் சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் தன் மருத்துவபீடத்தை இரத்தினபுரியிலேயே தொடங்கிற்று. கொடகவெலவிலிருந்து பெல்மதுளை வழியாகச் செல்லும் பேருந்தில் அங்கு போய்ச் சேரலாம். முன்னொரு காலத்தில் கொழும்பு வரை நீண்டிருந்த வாயில் இன்று காலையிற் சென்று மாலையில் திரும்பும் தொலைவில் இருக்கிறது. அப்பாதையிலே, பள்ளிச் சீருடையுடன் பேருந்துக்கு நிற்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உயிரியலைத் தமிழிற் கற்பிக்கும் ஆசிரியர் எத்தனை பேர் உளர் என்பதே இனிக் கேட்கவேண்டிய வினா. அதற்கு மறுமொழி கூறவேண்டியவர்கள் மேசைக்கு அப்பால் இருக்கின்றனர்.