காட்டுக்குப் பட்டா கிடைத்த கதை

மலருக்கு ஒரு வரலாறு எழுதித் தாங்கன்னு கேட்டாங்க. எனக்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிற டெயின்ட்ரீ காடுதான் ஞாபகம் வந்தது. அவ்வளவு தூரத்துக் கதை நமக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க.

குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கடலை ஒட்டி இருக்கிற மழைக்காடு அது. உலகத்திலேயே மிகப் பழைய மழைக்காடுகளில் ஒன்று. கிழக்கு குக்கு யலஞ்சி என்ற ஆதிக்குடி மக்களின் பூர்வீக நிலம். அந்தக் காட்டில் சில விதைகள் விஷம். பெண்கள் அதைச் சீவி, ஓடுகிற தண்ணீரில் ஊறவைத்து, விஷம் போக்கிச் சாப்பாடாக்கினார்கள். நாம் கருணைக்கிழங்குக்குப் புளி போடுகிற மாதிரின்னு வைங்க, ஆனால் இதில் பக்குவம் தப்பினால் உயிருக்கே ஆபத்து. எப்போது, எங்கே சின்னதாகத் தீ வைத்தால் பெருந்தீ வராது என்பதும் அவர்களுக்கு அத்துப்படி.

1873-ல் பாமர் ஆற்றில் தங்கம் கிடைத்தது. வெளியாட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மரங்களை வெட்டினார்கள். அந்த மக்களைச் சுட்டார்கள், துரத்தினார்கள். பிறகு அரசாங்கம் காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கியது. 1988-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. காடு பிழைத்தது, நல்லதுதான். ஆனா காட்டுக்காரங்க கையில் நிர்வாகம் இல்லை. அதைத்தான் என்னால் ஏத்துக்க முடியலை.

1992-ல் மாபோ வழக்கில், வெள்ளைக்காரர் வரும்போது அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பேச்சு செல்லாது என்று அந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகும் குக்கு யலஞ்சி மக்களின் உரிமையை நீதிமன்றம் ஒத்துக்கொள்ள 2007 ஆகிவிட்டது. பூங்காக்கள் கைக்கு வந்தது 2021 செப்டம்பர் 29-ல். அதற்குள் எத்தனை பாட்டிமார் கண்ணை மூடியிருப்பாங்களோ.

டெயின்ட்ரீ, ஞல்பா-புலால், கல்கஜகா, ஹோப் தீவுகள் என்று நான்கு பூங்காக்கள். மொத்தம் 1,60,000 ஹெக்டேருக்கு மேல், நம்ம கணக்கில் ஏறக்குறைய 4 லட்சம் ஏக்கர். சொந்தம் ஆச்சுன்னு விற்க முடியாது, பூங்காவாகவே இருக்கும். இப்போது அவர்களும் அரசும் சேர்ந்து நிர்வாகம். போகப் போக முழுப் பொறுப்பும் அவர்களிடமே வர வேண்டும் என்பது ஏற்பாடு. முடிவை வேறு யாரோ எடுத்துவிட்டு நம்மிடம் கையெழுத்து மட்டும் வாங்குகிற கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கேன். அதனால் எனக்கு அந்தப் பட்டாவைவிட இந்த ஏற்பாடுதான் பெரிசாத் தெரியுது.

கல்கஜகா கருப்புப் பாறைகள் குவிந்த மலை. அவர்களுக்குப் புனிதமான இடம். மேலே ஏறப் பாதை கிடையாது. சுற்றுலா வருகிறவர்கள் ரோட்டோரமாக நின்று பார்த்துவிட்டுப் போகணும்.