பழைய வெள்ளிக் காப்பு எந்த ஊருடையது? முத்திரையும் எடையும் இருதலைப் பறவையும் சொல்வது என்ன?

மைசூரு தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய வெள்ளியைக் கொடுத்துப் புதுசு வாங்குவது வழக்கமான வியாபாரம். கடைக்காரர் பார்ப்பது இரண்டே விஷயம்: எடை எவ்வளவு, தரம் எவ்வளவு. எந்த ஊர் வேலை, யார் போட்டிருந்தது, அதில் இருக்கும் பறவை என்ன என்பதற்கெல்லாம் ரசீதில் இடம் கிடையாது.

2025-ல் வெள்ளி விலை கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. "சும்மா பீரோவில் கிடக்குதே, போட்டு மாத்திடலாம்" என்ற பேச்சு பல வீடுகளில் இயல்பாக வரும். ஆனால் உருக்கிய நகையை யாராலும் திரும்ப அடையாளம் காண முடியாது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

முத்திரை இல்லை என்றால் போலியா?

இல்லை. இந்தியப் பழைய வெள்ளியில் முத்திரை இல்லாததுதான் சகஜம். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் முறை இருக்கிறது. நடக்கும் சிங்கம் பொறித்திருந்தால் 92.5 சதவீத வெள்ளி, நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம் என்று படித்துவிடலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் அப்படியொரு கட்டாய முறை இருக்கவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) வெள்ளிக்கு ஹால்மார்க் கொண்டுவந்ததே 2005-ல்தான். 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் வெள்ளிக்கு ஆறு இலக்க அடையாள எண்ணும் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கு ஹால்மார்க் இன்னும் விருப்பத்தின் பேரில்தான். ஆகவே பி.ஐ.எஸ். முத்திரை இருந்தால் அது பாட்டி காலத்து நகை இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

விதிவிலக்கு, பெயர் பெற்ற நிறுவனங்கள். சென்னை அண்ணா சாலையில் மணிக்கூண்டோடு நிற்கும் பி.ஆர். அண்ட் சன்ஸ், குஜராத்தின் புஜ் நகரில் வேலை செய்த ஊமர்சி மாவ்ஜி போன்றவர்கள் தங்கள் பெயரையோ முதலெழுத்துகளையோ பொறித்தார்கள். நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் ஏற்றுமதிக்குச் செய்ததாக இருக்கலாம். 1890-ல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது.

உள்பக்கம் கன்னடத்திலோ தமிழிலோ இரண்டு எழுத்து வெட்டியிருந்தால் அது பெரும்பாலும் சொந்தக்காரர் பெயர். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது மாதிரிதான். தமிழ் எழுத்தாக இருந்தால் 'லை', 'ணை' போன்றவற்றைக் கவனியுங்கள். தும்பிக்கை போல வளைந்த பழைய வடிவம் என்றால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழக்கத்தில் வெட்டியது.

எடையை வைத்து வயதைக் கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். ஒரு தோலாவும் அதே எடைதான். அந்த நாணயத்தில் 91.7 சதவீதம் வெள்ளி இருந்தது. 1940-ல் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். வாடிக்கையாளர் கொடுத்த ரூபாய்களை உருக்கி நகை செய்து தருவது அக்காலத் தட்டார்களின் வழக்கம்.

எனவே காப்பை எடை போட்டு 11.66-ஆல் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக 93.3 கிராம் என்றால் சரியாக 8 தோலா. முழு எண்ணுக்குப் பக்கத்தில் வந்து, தரமும் 90 சதவீதத்தை ஒட்டி இருந்தால், கிராம் கணக்கு பரவுவதற்கு முன்னால், அதாவது 1960-களுக்கு முன் செய்திருக்க வாய்ப்பு அதிகம். இது துப்புதான், தீர்ப்பு இல்லை. தேய்மானத்தில் எடை குறையும். உள்ளே அரக்கு அடைத்த காப்பு என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

இருதலைப் பறவை இருந்தால் அரண்மனை நகையா?

மைசூருவில் அதிகம் கேட்கக்கூடிய கேள்வி இது. கண்டபேரண்டம் உடையார் மன்னர்களின் சின்னம், இன்றைக்குக் கர்நாடக அரசின் சின்னம். மைசூரு பல்கலைக்கழக முத்திரையிலும் அதுதான் இருக்கிறது. இன்ஃபோசிஸ் பயிற்சிக்காக மைசூரு போன தமிழ் இளைஞர்கள் அரசுப் பேருந்திலேயே அதைப் பார்த்திருப்பார்கள்.

ஆனால் அந்தப் பறவை மைசூருக்கு மட்டும் சொந்தமில்லை. பள்ளிகாவியில் 11-ம் நூற்றாண்டிலேயே அதற்குத் தூண் எழுப்பியிருக்கிறார்கள். விஜயநகர மன்னர் அச்சுதராயரின் நாணயத்தில் அது இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டில் இருதலைப்பட்சியாக வருகிறது, இலங்கையின் கண்டி வேலைப்பாட்டிலும் உண்டு. ரஷ்யா, ஆஸ்திரியா அரச சின்னங்களில் இருப்பது இரட்டைத் தலைக் கழுகு. அலகிலோ நகத்திலோ யானையைத் தூக்கியிருந்தால் தென்னிந்திய மரபு என்று கருதலாம். அரண்மனைத் தொடர்பைச் சொல்ல, பறவை மட்டும் போதாது. ஆவணமோ பழைய புகைப்படமோ வேண்டும்.

சாமி உருவம் இருந்தால் கோயில் நகையா?

இதிலும் அவசரம் வேண்டாம். 19-ம் நூற்றாண்டு மெட்ராஸில் 'சுவாமி' பாணி வெள்ளி வேலை புகழ்பெற்றது. தெய்வ உருவங்களைப் புடைப்பாக அடித்த காப்பு, தேநீர்ப் பாத்திரம், தட்டு எல்லாம் செய்தார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்கள். 1875-76-ல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குக் கிடைத்த பரிசுகளில் பி.ஆர். அண்ட் சன்ஸ் செய்த சுவாமி பாணித் தேநீர்த் தொகுப்பும் ஒன்று.

இன்னொரு குழப்பம், கறுப்புப் பின்னணியில் நடனமாடும் பெண் உருவம். பார்த்ததும் பரதநாட்டியம் என்று தோன்றும். பின்னால் ஆங்கிலத்தில் 'சியாம் ஸ்டெர்லிங்' என்று இருந்தால் அது தாய்லாந்து வேலை. கையில் பளிங்கு உருண்டை ஏந்தியவள் மின்னலின் தெய்வமான மேகலா. நம் காப்பியத்தில் வரும் மணிமேகலா தெய்வத்தின் உறவுக்காரி. சியாம் என்ற பெயர் 1939-ல் தாய்லாந்து என மாறிய பிறகும் இந்த முத்திரை தொடர்ந்ததால், அதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.

ஆகவே முதலில் முத்திரை, அடுத்து எடையும் தரமும், பிறகு வேலைப்பாடு, கடைசியாகத்தான் சின்னம். நல்ல சின்னத்தை எந்த ஊர்த் தட்டாரும் பார்த்துச் செய்யலாம்.

கடைக்குப் போகும் முன் என்ன செய்யலாம்?

• திருநீறு, பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். பள்ளங்களில் படிந்த கறுப்பும் விளிம்புத் தேய்மானமும் வயதுக்குச் சாட்சி.

• உள்பக்கம், பூட்டு, பற்றவைத்த இடம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள்.

• தரம் பார்க்க உரசவோ வெட்டவோ விடாதீர்கள். எக்ஸ்.ஆர்.எஃப். கருவி நகையைச் சேதப்படுத்தாமல் மேற்பரப்பின் உலோகங்களைச் சொல்லிவிடும். 'ஜெர்மன் சில்வர்' என்பதில் வெள்ளியே கிடையாது. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை.

• யார், எப்போது, எந்த ஊரில் வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். முத்திரையில்லாத நகைக்கு இதைவிட நல்ல ஆதாரம் அரிது.

• ஒப்பிட்டுப் பார்க்க நாட்டுப்புற அருங்காட்சியகம் போன்ற இடங்கள் உதவும்.

• வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் சட்டத்தைக் கவனியுங்கள். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகும். தனிநபர் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. வயது சந்தேகமாக இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும்.