நகர விளக்கணைப்பு: புவி நேரத்தின் வரலாறு

ஒரு நகரத்தின் மக்களும் ஸ்தாபனங்களும் முன்கூட்டிக் குறித்த ஒரு வேளையில், எவருடைய நிர்ப்பந்தமும் இன்றித் தத்தம் விளக்குகளைத் தாமே அணைத்து, மின்சக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்தவேண்டிய அவசியத்தை ஊரறியச் செய்யும் பொது நிகழ்ச்சி நகர விளக்கணைப்பு எனப்படும். இவ்வகை நிகழ்ச்சிகளுள் மிகப் பிரசித்தமானது, 2007 மார்ச் 31 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் தொடங்கி, இன்று ஆண்டுதோறும் உலகின் பல நாடுகளில் அனுசரிக்கப்படும் புவி நேரம். இதனை வெறும் பிரசார உத்தி என்று ஒதுக்குவோர் உண்டு. ஆயினும் இதன் வரலாற்றை முதலிலிருந்து தொடர்ந்து நோக்குவோர்க்கு, இரவில் எரியும் எண்ணிறந்த விளக்குகளுள் எது இன்றியமையாதது, எது இல்லாவிடினும் குறைவராதது என்று நகர மாந்தர் பிரித்தறியக் கற்ற கதையே அது என்பது விளங்கும்.

தாமஸ் ஆல்வா எடிசன் 1931 அக்டோபர் 18 அன்று காலமானபோது, அவருக்கு அஞ்சலியாக அமெரிக்க நாடெங்கும் மின்னோட்டத்தையே ஒரு நிமிஷம் நிறுத்திவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர் அதற்கு இசையவில்லை. கணநேரம் மின்சாரம் நின்றாலும் எங்கேனும் ஓர் உயிர் போய்விடக்கூடும் என்பதை எடுத்துக்காட்டி, தேசத்தின் ஜீவனும் ஆரோக்கியமும் மின்சாரத்தை இவ்வளவு நம்பியிருப்பதே எடிசனின் மேதைக்கு ஞாபகச் சின்னம் என்று குறிப்பிட்ட அவர், அக்டோபர் 21 இரவு பத்து மணிக்கு விளக்குகளை மட்டும் ஒரு நிமிஷம் அணைக்குமாறு மக்களை வேண்டிக்கொண்டார். சிக்கனம் அந்த வேண்டுகோளின் நோக்கமன்று. எனினும், மின்னோட்டத்தைத் தொடாமல் விளக்கை மட்டும் அணைத்தல், அதனையும் அவரவர் சம்மதத்தினாலேயே செய்தல் ஆகிய இரண்டு நெறிகளும், பிற்கால நிகழ்ச்சிகளுக்கு முன்மாதிரியாக அன்றே வகுக்கப்பட்டுவிட்டன.

இரண்டாம் உலக யுத்தத்தின் இருட்டடிப்பு இதற்கு நேர்மாறானது. பிரிட்டனில் 1939 செப்டம்பர் 1 முதல் தெருவிளக்குகள் அணைக்கப்பட்டு, வீடுகளின் ஜன்னல்கள் கறுப்புத் துணியால் மூடப்பட்டபோது, எதிரி விமானங்கள் வந்து குண்டு போடுவதற்கு வெகு முன்பே சாலை விபத்துக்களில் மாண்டோர் தொகை திடீரென்று பெருகியது. ஜப்பானியத் தாக்குதலை எதிர்பார்த்திருந்த சென்னைவாசிகளும் அத்தகைய இரவுகளை அறிந்திருந்தார்கள். கட்டாயத்தால் வந்த அந்த இருள் அச்சத்தோடு பிணைந்த ஞாபகமாகவே நின்றுவிட்டமையால், அமைதிக் காலத்தில் ஒரு நகரத்தார் தாமே விரும்பி இருளை வரவேற்பார்கள் என்பது நெடுங்காலம் எவருக்கும் தோன்றவில்லை.

அந்த எண்ணம் ஐரோப்பாவில் மூன்று இடங்களில் வெவ்வேறு காரணங்களால் முளைத்தது. இத்தாலியின் அரசு வானொலியில் ஒலிபரப்பாகும் ‘கேட்டர்பில்லர்’ என்னும் நிகழ்ச்சி, தட்பவெப்ப மாற்றத்தைத் தணிப்பதற்கான கியோட்டோ உடன்படிக்கை அமலுக்கு வந்த 2005ஆம் ஆண்டிலேயே, வீண் விளக்குகளை அணைக்குமாறு நேயர்களை அழைக்கும் ஆண்டு இயக்கத்தைத் தொடங்கியது. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரிலோ, 2006 செப்டம்பர் 28 இரவு பத்து மணிக்கு, எழுத்தாளர் ஆந்த்ரி ஸ்னேர் மாக்னசனின் யோசனைப்படி, தெருவிளக்குகளும் உட்பட நகரமே அரைமணி நேரம் இருளில் ஆழ்ந்தது. அந்த அரைமணியில் வானியலறிஞர் ஒருவர் வானொலியின் வாயிலாக நட்சத்திரங்களை விவரித்துக்கொண்டிருந்தார். மின் சிக்கனத்தைவிட வானத்தைக் காட்டுவதே அங்கு முதன்மையான கருத்து. தெருவிளக்கையும் அணைக்கத் துணிந்ததே அதன் விசேஷம். மூன்றாவதாக, 2007 பிப்ரவரி 1 அன்று, தட்பவெப்ப மாற்றத்தைப் பற்றிய சர்வதேச அறிஞர் குழுவின் அறிக்கை பாரிஸில் வெளியாவதற்கு முந்தின நாள், மாலை 7.55 முதல் ஐந்து நிமிஷம் பிரெஞ்சு மக்கள் விளக்கணைத்தனர். ஈஃபெல் கோபுரமும் இருண்டது. நாட்டின் மின்தேவை அப்போது ஏறக்குறைய 800 மெகாவாட், அதாவது ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேலாகத் தாழ்ந்தது.

சிட்னியின் நிகழ்ச்சி இவற்றைவிட நீண்ட ஏற்பாட்டின் விளைவு. உலக இயற்கை நிதியத்தின் ஆஸ்திரேலியக் கிளை, தட்பவெப்ப மாற்றத்தைச் சாமானிய மக்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லும் வழியை நாடி, 2004ஆம் ஆண்டிலேயே லியோ பர்னெட் என்னும் விளம்பர ஸ்தாபனத்தோடு ஆலோசிக்கத் தொடங்கியது. ஆண்டி ரிட்லி முன்னின்று நடத்திய இம்முயற்சிக்கு, ‘சிட்னி மார்னிங் ஹெரால்டு’ நாளிதழை வெளியிடும் ஃபேர்ஃபாக்ஸ் நிறுவனம் துணைநின்றது. நகர மேயர் குளோவர் மூரின் ஆதரவும் கிட்டியது. 2007 பிப்ரவரியில்தான் ஆஸ்திரேலிய அரசு, ஏற்கும் மின்சக்தியில் மிகப் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கும் பழைய இழை பல்புகளைப் படிப்படியாக விலக்கப்போவதாக அறிவித்திருந்தது. ஆகவே, எந்த விளக்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி அப்போது வீடுதோறும் பேச்சாக இருந்தது.

நகரமே விளக்கணைக்கும் காட்சி எளிதாகத் தோன்றினும், அதற்குப் பின்னிருக்கும் வேலை நுணுக்கமானது. வீட்டில் ஒருவர் சுவிட்சைத் தட்டினால் போதும். நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றில் அது நடவாது. அங்கே உரிமையாளர் ஒருவர், வாடகைக்கு இருக்கும் அலுவலகங்கள் பல, இரவில் துப்புரவு செய்வோர் வேறு, காவலர் வேறு. பல தளங்களின் விளக்குகள் நேரம் குறித்த தானியங்கிக் கருவிகளின் வசம் இருக்கும். எனவே அமைப்பாளர்கள் கட்டட நிர்வாகிகளைத் தனித்தனியே அணுகி, எந்தத் தளத்து விளக்கு யார் பொறுப்பில் உள்ளது என்று கேட்டறிந்து, மாடிப்படி விளக்கு, வெளிவாயில் அடையாளம், விமானங்களுக்கான சிவப்பு விளக்கு ஆகியவற்றை விலக்கி, மற்றவற்றுக்கு மட்டும் சம்மதம் பெற வேண்டியிருக்கிறது. இத்தகைய விசாரணையில்தான், இரவெல்லாம் ஆளில்லாத அறைகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததை உரியவர்களே பல சமயங்களில் முதன்முதலாக அறிகிறார்கள். இந்நிகழ்ச்சியின் மெய்யான பயன் இந்த விசாரணையில்தான் தங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

2007 மார்ச் 31, சனிக்கிழமை மாலை 7.30 முதல் 8.30 வரை, சிட்னி துறைமுகப் பாலத்தின் வளைவையும் ஓபரா மாளிகையின் வெண்கூரைகளையும் அலங்கரிக்கும் விளக்குகள் அணைந்தன. உணவு விடுதிகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் விருந்து நடந்தது. 22 லட்சம் மக்களும் 2,000க்கு மேற்பட்ட வணிக ஸ்தாபனங்களும் பங்கேற்றதாக அமைப்பாளர்கள் கணித்தனர். நகர மையத்தில் மின்நுகர்வை ஐந்து விழுக்காடு குறைப்பதே இலக்காயிருக்க, 10.2 விழுக்காடு குறைந்ததாக மின்வழங்கு நிறுவனம் அறிவித்தது. வானிலையையும் முந்தின ஆண்டுகளின் நுகர்வையும் சேர்த்துக் கணக்கிட்டோர் பின்னர் இதனிலும் குறைவாகவே மதிப்பிட்டனர்.

அடுத்த ஆண்டு மார்ச் 29 அன்று 35 நாடுகளுக்கு இது பரவியது. கூகுள் தன் முகப்பைக் கறுப்பாக்கியது. 2009இல் 88 நாடுகளில் 4,000 நகரங்கள் சேர்ந்தபோது இந்தியாவும் அந்நாடுகளுள் ஒன்றாயிற்று; நடிகர் ஆமிர் கான் இங்கே அதன் தூதராக விளங்கினார். நேரமும் அவ்வாண்டு முதல் உள்ளூர் இரவு 8.30 முதல் 9.30 வரை என்று நிலைபெற்றது. மார்ச் மாத இறுதியைத் தேர்ந்ததற்கு வானியற் காரணம் ஒன்று உண்டு: பகலும் இரவும் சமமாகும் அந்நாட்களை ஒட்டி, பூமியின் வடபாதியிலும் தென்பாதியிலும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில் இருள் சூழ்கிறது. கடைசிச் சனிக்கிழமை ஈஸ்டருக்கு முந்தின புனித சனிக்கிழமையாக அமையும் ஆண்டுகளில், 2013இலும் 2024இலும் நேர்ந்ததுபோல, நிகழ்ச்சி முன்னதாக நடத்தப்படும்.

பத்து நாடுகளிலிருந்து திரட்டிய 274 அளவீடுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த ஒரு மணியில் மின்நுகர்வு சராசரியாக நான்கு விழுக்காடு குறைவதாகக் கண்டது. ஆறேழு விழுக்காட்டை எதிர்பார்த்தவர்க்கு இது ஏமாற்றமாகலாம்; ஆனால் மின்கட்டமைப்பை நடத்துவோர்க்கோ திடீர்க் குறைவும் திடீர் ஏற்றமுமே கவலை. உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு கணமும் சமனாயிருந்தாலன்றி மின்னோட்டத்தின் அலைவெண் பிறழும். இதன் கடுமை 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு இந்தியாவில் பிரத்யட்சமாயிற்று. கொரோனாத் தொற்றுக் காலத்தில் பிரதமர் வேண்டியபடி, சிக்கனத்துக்காக அன்றி ஒற்றுமையின் அடையாளமாக, மக்கள் ஒன்பது நிமிஷம் வீட்டு விளக்குகளை அணைத்தனர். விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தெருவிளக்கு, மருத்துவமனை விளக்கு எதனையும் அணைக்கலாகாது என்று மின்துறை முன்னரே எச்சரித்திருந்தும், தேவை எதிர்பார்த்ததைப்போல் இரு மடங்குக்கும் மேலாக, ஏறக்குறைய 31,000 மெகாவாட் சரிந்தது. அதனைத் தாங்கியவை நினைத்தவுடன் தணிக்கவும் உயர்த்தவும் கூடிய நீர்மின் நிலையங்கள்: சுமார் 25,500 மெகாவாட் அளவில் ஓடிக்கொண்டிருந்தவை அரைமணிக்கும் குறைந்த நேரத்தில் சுமார் 8,000 மெகாவாட்டுக்கு இறக்கப்பட்டு, உடனே மீண்டும் ஏற்றப்பட்டன.

மெழுகுவத்தி பெட்ரோலியத்திலிருந்து வருவதாயிற்றே, அதை ஏற்றிவிட்டு மின்விளக்கை அணைப்பதில் என்ன லாபம் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஒரு மணிக்குப் பின் பழையபடி எல்லாம் எரிவதையும் பலர் குறைகூறினர். இவ்விரண்டாவது ஆட்சேபத்துக்கு விடையாக, 2011 முதல் அமைப்பாளர்கள் அறுபதோடு ஒரு கூட்டற்குறியைச் சேர்த்துத் தம் சின்னமாக்கி, அந்த அறுபது நிமிஷத்துக்கு அப்பால் நிலைத்துநிற்கும் காரியங்களைக் கோரலாயினர். ரஷ்யாவில் 2012ஆம் ஆண்டு நிகழ்ச்சியையொட்டி 1,20,000க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைத் தொடர்ந்து, கடல்களை எண்ணெய்க் கசிவினின்று காக்கும் சட்டம் நிறைவேறியது. அர்ஜென்டினாவில் 2013ஆம் ஆண்டு இயக்கம், பர்டுவுட் திட்டு எனப்படும் கடற்பகுதியில் 34 லட்சம் ஹெக்டேரைப் பாதுகாப்பிடமாக்கும் சட்டத்துக்கு ஆதரவு திரட்டியது. அந்நாட்டு செனட் அவ்வாண்டே அதனை நிறைவேற்றியது.