பஸ் தாழ்ந்தது... நடைபாதை தாழ்ந்ததா? மாற்றுத்திறனாளிகளின் பயண உரிமை பற்றி சட்டம் சொல்வது என்ன?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என மேற்கு சென்னையில் வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்களுக்கு மாநகரப் பேருந்துதான் முதல் துணை. ஆனால் வீல்சேரில் இருப்பவருக்கு அதே பேருந்தின் படிக்கட்டு ஒரு சுவர் மாதிரி. இந்த நிலை மாற நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. என்ன நடந்தது? இனி என்ன கேட்கலாம்? பார்க்கலாம்.

900-க்கும் 400-க்கும் என்ன வித்தியாசம்?

வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 3 அடி உயரம். தாழ்தளப் பேருந்தில் இது 400 மில்லிமீட்டர்தான். நிறுத்தத்தில் பேருந்து ஒரு பக்கமாகத் தாழ்ந்து கொடுக்கும். வாசலில் உள்ள சாய்தளப் பலகையை விரித்தால் வீல்சேர் நேராக உள்ளே போகலாம். முதியவர்கள், கர்ப்பிணிகள், கையில் குழந்தையோடு ஏறுபவர்கள் என எல்லோருக்கும் இது வசதிதான்.

வழக்கு ஏன் வந்தது?

உயர்ந்த தளம் கொண்ட பேருந்துகளையே தொடர்ந்து வாங்குவதை எதிர்த்து, மாற்றுத்திறனாளிகள் உரிமை ஆர்வலர் வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடர்ந்தார். சாலையின் நிலை, மழைநீர் தேங்குவது, கூடுதல் விலை ஆகியவற்றை அரசு தரப்பு காரணமாகச் சொன்னது. நீண்ட விசாரணைக்குப் பிறகு 552 தாழ்தளப் பேருந்துகள் வாங்க முடிவானது. அதில் முதல் 58 பேருந்துகள் 2024 ஆகஸ்ட்டில் ஓடத் தொடங்கின.

2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் இயக்கத்துக்கு வந்தன. முதற்கட்டமாகத் திட்டமிடப்பட்ட 625 மின்சாரப் பேருந்துகளுக்குத் தேர்வான பணிமனைகளில் பூந்தமல்லியும் ஒன்று.

சரி, பஸ் வந்தால் போதுமா?

போதாது. பேருந்து நிறுத்தத்தை ஒட்டி நின்றால்தான் சாய்தளப் பலகை சரியாக இறங்கும். நடுரோட்டில் நின்றால் அத்தனை வசதியும் வீண். நிறுத்தம் வரை போக நடைபாதையும் வேண்டுமே! சாய்தளத்துக்கான பொதுவான அளவு 1-க்கு 12. அதாவது 15 சென்டிமீட்டர் உயர நடைபாதையில் ஏற, 1.8 மீட்டர் நீளத்துக்குச் சரிவு வேண்டும். செங்குத்தாக கொஞ்சம் சிமென்ட் பூசிவிட்டு அதைச் சாய்தளம் என்று சொல்ல முடியாது.

வீல்சேர் மட்டுமே விஷயமும் இல்லை. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுப் பள்ளியும், தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கும் ஊர் பூந்தமல்லி. அங்கே பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவருக்கு, வருவது எந்த எண், அடுத்த நிறுத்தம் எது என்ற ஒலி அறிவிப்புதான் கண். செவித்திறன் குறைந்தவருக்கு அதே தகவல் எழுத்தில் தெரிய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 1995-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள், இதில் 21 ஆயின.

* பிரிவு 41: பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், டிக்கெட் கவுன்டர், கழிப்பறை, சாலை ஆகியவை அணுகக்கூடியதாக இருக்க வேண்டும்.
* பிரிவு 45: ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான 5 ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது.
* பிரிவு 89: மீறினால் முதல் முறை ரூ.10,000 வரை அபராதம். மீண்டும் மீறினால் ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரை.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ல் முக்கியத் தீர்ப்பு வந்தது. 2017 விதிகளில் அணுகல்தன்மைக்கான 15-வது விதி, வெறும் வழிகாட்டுதல் போலவே இருக்கிறது. சட்டமோ கட்டாயம் என்கிறது என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தர அளவுகளை 3 மாதங்களில் வகுக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 'முடிந்தால் செய்யலாம்' என்பதற்கும் 'செய்தே ஆக வேண்டும்' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தத் தீர்ப்பின் சாரம்.

இலவசப் பயணம் இருக்கிறதே?

இருக்கிறது. 2021 முதல் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் ஒருவரும் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏறவே முடியாத பேருந்தில் டிக்கெட் இலவசமாக இருந்து என்ன பயன்?

எங்கே கேட்பது?

பேருந்து பற்றிய புகாரை மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் தரலாம். மாநகராட்சியின் நடைபாதை என்றால், அம்பத்தூருக்கு சென்னை மாநகராட்சி. ஆவடிக்கு ஆவடி மாநகராட்சி. பதில் இல்லையென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் சட்டத்திருத்தங்கள் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறின. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். நடைபாதையின் உயரத்தை முடிவு செய்யும் கூட்டத்தில், அதில் ஏற முடியாமல் தவித்த ஒருவரும் உட்கார்ந்திருந்தால் வரைபடம் நிச்சயம் மாறும்.