மீனாட்சிபுரம் எதை ஏற்றுக்கொண்டது?

1981 பிப்ரவரி 19 அன்று செங்கோட்டை அருகே மீனாட்சிபுரத்தில் சுமார் 180 பள்ளர் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ஊருக்கு ரஹ்மத் நகர் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த சில மாதங்களில் ஆரிய சமாஜம், விசுவ இந்து பரிஷத், டெல்லிப் பத்திரிகையாளர்கள் என்று எல்லோரும் அந்தச் சின்ன ஊருக்குப் படையெடுத்தார்கள். வாஜ்பாயும் வந்தார். வளைகுடாப் பணம் எவ்வளவு கை மாறியது என்பதுதான் நாடு முழுக்கக் கேட்கப்பட்ட கேள்வி. தண்டலம், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் தென்மாவட்டத்து இளைஞர்களிடம் பேசினால், இன்றைக்கும் முதலில் வருவது அந்தப் பணக் கதைதான்.

மாறியவர்கள் சொன்ன காரணம் சாதிக் கொடுமையும் போலீஸ் கெடுபிடியும். அவர்களில் படித்தவர்களும் அரசு வேலையில் இருந்தவர்களும் உண்டு. காசுக்கு விலைபோனார்கள் என்பவர்களுக்கு, ஒரு தலித் யோசித்து முடிவெடுப்பான் என்பதே நம்ப முடியாத விஷயம். அவர்கள் ஏற்றுக்கொண்ட மார்க்கம் தினசரி வாழ்க்கையில் என்ன கேட்கிறது என்று பார்ப்போம்.

முதலில் கலிமா. வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருவனே, முகம்மது அவனுடைய தூதர் என்று மனதால் ஏற்று வாயால் சொல்ல வேண்டும். குலம் கோத்திரம் கேட்பதில்லை. ஆரிய சமாஜம் நடத்தும் ‘சுத்தி’ சடங்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தாய்மதம் திரும்புகிறவர் எந்தச் சாதிக்குத் திரும்புகிறார்? விட்டுவந்த அதே சாதிக்குத்தானே!

அடுத்தது தொழுகை. சுபுஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா என்று ஒரு நாளைக்கு ஐந்து வேளை. அதற்கு முன் கை, வாய், முகம், கால் கழுவி ஒளு செய்ய வேண்டும். பழைய பள்ளிவாசல்களில் இதற்கென்றே ஹவுள் என்ற தொட்டி இருக்கும். யார் வந்தாலும் அதே தண்ணீர். குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக 1927-இல் அம்பேத்கர் மகாடில் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்ட வேண்டியிருந்த நாடு இது. அந்தத் தொட்டியின் அர்த்தம் ஊர்க்கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்டவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். தொழுகைக்கு வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். முன்னால் வந்தவருக்கு முன்வரிசை. இமாமாக நிற்பதற்கு ஓதத் தெரிய வேண்டும், அப்பன் பாட்டன் இமாமாக இருந்திருக்க வேண்டியதில்லை. முதன்முதலில் பாங்கு சொன்ன பிலால், அடிமையாக இருந்து விடுதலையான கறுப்பினத்தவர்.

ரமலான் மாதம் முழுக்க, பொழுது விடிவதற்கு முன்பிருந்து சூரியன் மறையும் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு. மாலையில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் விருந்தென்றால் சஹன் சாப்பாடு: ஒரே தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து கைபோட்டுச் சாப்பிடுவார்கள். இரட்டைக் குவளை டீக்கடைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜகாத் என்பது, வசதியுள்ளவர் தன்னிடம் ஒரு வருடம் தங்கிய சேமிப்பில் இரண்டரை சதவீதத்தைக் கொடுப்பது. யாருக்குக் கொடுக்கலாம் என்று குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்கிறது. ஏழைகளோடு கடனாளிகளும் அடிமைத்தளையில் இருப்பவர்களும் அதில் வருகிறார்கள். நம் காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதியில் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்குச் சிக்கிய இருளர் குடும்பங்களை நினைத்துக்கொண்டு இதைப் படிக்கலாம். ஹஜ், உடல்நலமும் பணமும் இருப்பவருக்கு வாழ்நாளில் ஒருமுறை.

இதெல்லாம் மார்க்கம் சொல்வது. மனிதர்கள் செய்வது வேறு. தமிழ் முஸ்லிம்களுக்குள் ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்ற பிரிவுகள் உண்டு. 1960-களில் பல்லாவரத்தில் ஆய்வு செய்த மானுடவியலாளர் மாட்டிசன் மைன்ஸ், இவை சாதிபோல மேல்கீழாக அடுக்கப்பட்டவை அல்ல என்றார். பெருமளவு சரிதான். ஆனாலும் முடிதிருத்தும் ஒஸாக்களுக்குப் பெண் கொடுக்க, எடுக்கத் தயங்கும் குடும்பங்கள் இருப்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பெரியார் இழிவு நீங்க இஸ்லாத்தைச் சொன்னார். அம்பேத்கர் எல்லா மதங்களையும் அலசிவிட்டு 1956-இல் பௌத்தத்துக்குப் போனார். இரண்டு பேருமே இதை இறங்குகிற இடம் பற்றிய கேள்வியாக மட்டும் பார்க்கவில்லை, வெளியேறுவது பற்றிய கேள்வியாகவும் பார்த்தார்கள்.

வெளியேறுகிறவனுக்கு அரசு விலை வைத்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். முஸ்லிமாகவோ கிறிஸ்தவராகவோ மாறினால் இட ஒதுக்கீடு, தனித்தொகுதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் போய்விடும். சாதி போகிறதோ இல்லையோ, சான்றிதழ் போய்விடும். இதை மாற்றச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டில் 2002-இல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் பொதுவாக மூன்றாண்டு சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம் வரை. மாற்றப்பட்டவர் சிறுவராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதியினராகவோ, பழங்குடியாகவோ இருந்தால் நான்காண்டு, ஒரு லட்சம் வரை. வளர்ந்த ஒரு தலித் ஆணைச் சிறுபிள்ளையோடு ஒரே வரியில் நிறுத்திய அந்தச் சட்டம் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது.